ஒன்றிய அரசின் வரைவு விதிக்கு நகராட்சியின் கருத்தை அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நகராட்சி ஆணையர், பேரூராட்சி செயல் அலுவலர், அவர்களுக்குக் கோப்பு தயாரிக்கும் பொறியாளர், சுகாதார அலுவலர், கணக்கர் ஆகியோருக்கான வழிகாட்டி இது. டெல்லியில் ஒரு அமைச்சகம் வரைவு விதி வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது ஊரின் நிலையை அங்கே எப்படிப் பதிவு செய்வது என்பதை வரிசைப்படி சொல்கிறோம்.

2024 டிசம்பரில் வெளியான திடக்கழிவு மேலாண்மை வரைவு விதிகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இது எல்லா நகராட்சியையும் தொட்டது, கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம் தந்தது. வேறு எந்த வரைவு வந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

## 1. எந்த வாசலைத் தட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உள்ளாட்சியின் குரல் டெல்லிக்குப் போக நான்கு வாசல்கள் உண்டு. வரைவு விதி என்றால் அதை வெளியிட்ட அமைச்சகம். மசோதா என்றால் அதை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு. நிதிப் பகிர்வு என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு. தூய்மை இந்தியா, அம்ருத் போன்ற திட்டங்களின் வழிகாட்டு நெறிமுறை என்றால் மாநில அரசு வழியாக வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம்.

வாசல் மாறினால் சரியான கருத்தும் வீணாகும். திடக்கழிவு விதியை வெளியிடுவது சுற்றுச்சூழல் அமைச்சகம். வண்டி வாங்கும் பணம் அவர்கள் கையில் இல்லை. அவர்களுக்குப் போகும் கடிதத்தில் "கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும்" என்று ஐந்து பத்தி எழுதினால், பிரிவு அலுவலர் அதை "விதிக்குத் தொடர்பற்றது" என்று ஓரமாக வைத்துவிடுவார். அவரிடம் கேட்கக்கூடியது கால அவகாசம், வரையறை, விலக்கு, பொறுப்புப் பகிர்வு. நிதி வேண்டும் என்றால் அந்தக் கணக்கைத் தனியாக எடுத்து மற்ற வாசலுக்கு அனுப்புங்கள்.

## 2. நாட்களைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

அரசிதழ் பொதுமக்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள் ஓடத் தொடங்கிவிடும். அமைச்சகக் கடிதம் மாநிலத் துறைக்கு வந்து, நகராட்சி நிர்வாக இயக்ககம், மண்டல இயக்குநர் அலுவலகம் என்று இறங்கி உங்கள் மேசைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். அதில் "மூன்று நாட்களுக்குள் அறிக்கை அனுப்புக" என்று இருக்கும். மூன்று நாளில் எழுதக்கூடியது வெற்றுக் கடிதம்தான்.

ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மின் அரசிதழ்த் தளத்தையும் சம்பந்தப்பட்ட அமைச்சகத் தளத்தையும் வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். "அலுவலகம் கவனிக்கும்" என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இயக்ககம் பல ஊர்களின் கருத்துகளைத் தொகுக்க வேண்டும், அதன்பின் துறைச் செயலர் ஒப்புதல் வேண்டும். அதற்கு 15 முதல் 20 நாள் விடுங்கள். அப்படியானால் உங்கள் உண்மையான கடைசி நாள் 40ஆம் நாள். முதல் 5 நாள் படிக்க, 20ஆம் நாள் வரை எண்களைத் திரட்ட, 30ஆம் நாள் வரை எழுத, மீதி பத்து நாள் மன்றத்துக்கும் கையெழுத்துக்கும்.

எல்லா வரைவுக்கும் 60 நாள் கிடைக்காது. ஒன்றிய அரசின் 2014ஆம் ஆண்டு முன்-சட்டக் கலந்தாய்வுக் கொள்கை குறைந்தது 30 நாள் என்கிறது. 30 நாள்தான் என்றால் மேலே சொன்ன ஒவ்வொன்றையும் பாதியாக்குங்கள். எண் திரட்டும் நாட்களை மட்டும் முழுவதும் வெட்டிவிடாதீர்கள்.

## 3. யார் பெயரில் போகிறது என்பதைத் தெளிவாக்குங்கள்

உள்ளாட்சி என்பது அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 5ஆம் இனம். அதனால் நகராட்சி அலுவலரின் கடிதம் உரிய வழியாகத்தான், அதாவது இயக்ககம், துறை வழியாகத்தான் ஒன்றிய அரசுக்குப் போக வேண்டும். அரசிதழ் "யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம்" என்று சொல்வது பொதுமக்களுக்கு. உங்கள் பதவி முத்திரையோடு நேராக அனுப்பினால் அது மாநில அரசின் நிலைப்பாட்டோடு முட்டக்கூடும். நடத்தை விதிப்படி விளக்கம் கேட்கவும் இடம் உண்டு.

இரண்டு குரல்களைக் கலக்காதீர்கள். "இந்த விதியை நிறைவேற்ற இத்தனை ஆள், இத்தனை நாள் வேண்டும்" என்பது நிர்வாகத்தின் குரல். அதற்கு ஆணையர் கையெழுத்துப் போதும். "இந்த விதி வேண்டாம்", "கட்டணத்தை உயர்த்த மாட்டோம்" என்பவை மன்றத்தின் குரல். அதற்குத் தீர்மானம் வேண்டும். மன்றம் சொல்ல வேண்டியதை அலுவலர் எழுதினால் உள்ளூரிலும் சிக்கல், டெல்லியிலும் எடை இல்லை.

மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் தீர்மானம் போடுவார். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரியில் அந்த நிலை வந்தது. அப்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். படிப்பவர் அதை வேறு எங்கிருந்தோ அறிந்துகொள்வதைவிட அது நல்லது.

## 4. எழுதும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

- வரைவின் அரசிதழ்ப் பிரதி. செய்தித்தாள் சுருக்கத்தை நம்பி எழுதக் கூடாது.
- இப்போது நடப்பில் உள்ள விதி. 2024 வரைவு வந்தபோது திடக்கழிவுக்கு இது 2016 விதிகள்.
- எடை மேடைப் பதிவேடு, குறைந்தது 12 மாதத்துக்கு.
- சென்ற ஆண்டு அனுப்பிய ஆண்டறிக்கை (2016 விதிகளில் இது படிவம் 4).
- தூய்மைப் பணி ஒப்பந்தமும் அது முடியும் தேதியும்.
- வாகனப் பட்டியலும் பணியாளர் வருகைப் பதிவேடும்.
- தணிக்கை முடிந்த கடைசி ஆண்டுக் கணக்கு.
- மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்த அறிவிப்புகளும் நீங்கள் தந்த பதில்களும்.

கடைசி இனத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாரியத்துக்கு "100 சதவீதம் தரம் பிரிக்கிறோம்" என்று பதில் தந்துவிட்டு, அமைச்சகத்துக்கு "தரம் பிரிக்க இயலவில்லை" என்று எழுதினால் இரண்டு தாளும் என்றோ ஒருநாள் ஒரே மேசையில் சேரும். முரண் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

## 5. வரைவை விதி விதியாக உடையுங்கள்

முதலில் வரையறைகள், அடுத்து உள்ளாட்சியின் கடமைகள், அடுத்து காலக்கெடு, கடைசியில் அபராதம். இந்த வரிசையில் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நேராகப் படிப்பவர்கள் கடமைகளிலேயே களைத்து, காலக்கெடுவை மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள். நகராட்சியை இடறிவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு பெரிய தாளில் ஆறு நெடுவரிசை போடுங்கள்: விதி எண், யார் செய்ய வேண்டும், எந்த நாளுக்குள், கட்டாயமா விருப்பமா, செய்யாவிட்டால் என்ன, இப்போது நம் ஊரில் என்ன நிலை. ஆங்கில மூலத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் சொல்லும் அனுமதியைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு. ஒவ்வொரு வரியிலும் எது இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். தமிழில் சொல்லிக் கேட்கும்போது இரண்டும் "செய்ய வேண்டும்" என்று ஒன்றாகக் கரைந்துவிடும்.

வரையறைகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். 2016 விதிகளில் நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் இடம் "பெருமளவில் கழிவு உருவாக்குவோர்". இந்த ஒரு எண் மாறினால் உங்கள் ஊரில் எத்தனை திருமண மண்டபம், விடுதி, மருத்துவமனை உள்ளே வரும், எத்தனை வெளியே போகும் என்பது மாறும். நகராட்சி வண்டி தினமும் எத்தனை டன் சுமக்கிறது என்பதும் அதோடு மாறும். எந்த வரைவானாலும் இந்த எண் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

வரைவில் இல்லாததையும் குறியுங்கள். கடமை இருக்கிறது, அதற்கு இடம் தர வேண்டியவர் யார் என்று இல்லை. காலக்கெடு இருக்கிறது, ஒப்புதல் தர வேண்டிய துறைக்குக் காலக்கெடு இல்லை. நிலம் கேட்டு வருவாய்த் துறையில் ஓராண்டு காத்திருக்கும் நகராட்சியை அந்த ஓராண்டுக்காக அபராதத்தில் நிறுத்தக் கூடாது. இதைக் கேட்பது நியாயம். ஆனால் எந்த விதியில், எந்த வரிக்குப் பின் அந்த வாசகம் சேர வேண்டும் என்று காட்டினால்தான் ஏற்பார்கள்.

## 6. எண்களை நீங்களே அளந்து எடுங்கள்

"பணியாளர் பற்றாக்குறை உள்ளது" என்ற வரியை எல்லா ஊரும் எழுதும். அதற்குப் பதில் அளந்த எண் ஒன்று இருந்தால், தொகுப்பவர் உங்கள் தாளைத்தான் எடுப்பார்.

2024 வரைவு, குப்பையை ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனக் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொன்னது. இதன் சுமையை எப்படிக் கணக்கிடுவது? மூன்று வகையான வார்டுகளை எடுங்கள்: நெருக்கமான கடைத்தெரு, குடியிருப்பு நகர், ஊரின் ஓரம். ஒவ்வொன்றிலும் ஒரு வாரம், ஒரு வீட்டில் குப்பை வாங்க ஆகும் நேரத்தை இரண்டாகப் பிரித்து வாங்கும்போதும் நான்காகப் பிரித்து வாங்கும்போதும் கைக்கடிகாரம் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: 20,000 வீடுகள், 50 பேட்டரி வாகனம், வாகனத்துக்கு 400 வீடு. வீட்டுக்கு 15 விநாடி கூடினால் ஒரு வாகனத்துக்கு 6,000 விநாடி, அதாவது 100 நிமிடம். 50 வாகனத்துக்கு 5,000 நிமிடம், ஏறக்குறைய 83 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளுக்குப் பத்துப் பணியாளருக்கு மேல் தேவை. அந்தப் பத்துப் பேரை அமர்த்தாவிட்டால், காலை 6 மணிக்குத் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களின் தோளில்தான் அந்த 83 மணி நேரமும் விழும். கடிதத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். விதி எழுதும் மேசைக்கு அந்தத் தெரு தெரிவதில்லை.

கணக்கில் வழக்கமாக வரும் தவறுகள் மூன்று.

முதலாவது, மக்கள்தொகையை ஒரு சராசரியால் பெருக்கி டன் கணக்குச் சொல்வது. 80,000 பேருக்குத் தலைக்கு 300 கிராம் என்றால் 24 டன் வரும்; எடை மேடை 19 டன் காட்டும். இரண்டையும் எழுதி, மீதி 5 டன் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்: பழைய இரும்புக் கடை, வீட்டுத் தோட்டம், எரிப்பது, அல்லது சேகரிக்கப்படாதது. மறைத்தால் வரும் சந்தேகம் மொத்தக் கடிதத்தையும் கெடுக்கும்.

இரண்டாவது, ஒருமுறைச் செலவையும் ஆண்டுச் செலவையும் ஒன்றாகக் கூட்டுவது. வாகனம் வாங்குவது ஒருமுறை. ஓட்டுநர் சம்பளம், பேட்டரி மாற்றம், பழுது ஆண்டுதோறும். தனித்தனியாகக் காட்டுங்கள். மானியம் பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் கிடைக்கும். நகராட்சியை நசுக்குவது இரண்டாம் வகை.

மூன்றாவது, வரிக் கேட்பை, அதாவது கட்டச் சொல்லிக் கேட்ட தொகையை, வருமானமாகக் காட்டுவது. கேட்பு வேறு, வசூல் வேறு. தணிக்கைக் கணக்கில் உள்ள வசூலை மட்டும் எழுதுங்கள்.

## 7. கருத்தை எழுதும் முறை

ஐந்து அல்லது ஆறு கருத்துகளுக்கு மேல் வேண்டாம். இருபது எழுதினால் எது முக்கியம் என்று படிப்பவர் தேர்ந்தெடுப்பார். அவர் தேர்வு உங்கள் தேர்வாக இருக்காது.

ஒவ்வொரு கருத்திலும் ஐந்து பகுதி: விதி எண், வரைவு சொல்வது ஒரு வரியில், அதை நிறைவேற்றும்போது ஊரில் நடப்பது (எண்ணோடு), நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம். இவற்றில் உயிர் மாற்று வாசகத்தில் இருக்கிறது. வரைவை எழுதியவர் வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்றால் அவருக்கு வேறொரு வாக்கியம் வேண்டும். புகாரை அவரே வாக்கியமாக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது.

தவறான முறை: "சிறிய நகராட்சிகளுக்குக் கால அவகாசம் போதாது. பரிசீலிக்க வேண்டும்."

சரியான முறை: "இந்த விதியில் உள்ள ஒரே காலக்கெடுவுக்குப் பதிலாக, 'ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளுக்கு, நிலம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்' என்று இருக்கலாம். 2016 விதிகளின் 22ஆம் விதியே செயலாக்க மையம் அமைக்க ஒரு லட்சமும் அதற்கு மேலும் உள்ள ஊருக்கு 2 ஆண்டு, அதற்குக் கீழே 3 ஆண்டு என்று பிரித்திருந்தது."

பழைய விதியிலேயே முன்மாதிரி இருந்தால் அதைக் காட்டுங்கள். அமைச்சகம் தானே ஒருமுறை ஏற்ற கொள்கையைத் திரும்ப ஏற்பது எளிது.

நல்ல விதிகளை ஆதரித்தும் எழுதுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. பெரிய விடுதிகள் தங்கள் குப்பையைத் தாங்களே கையாள வேண்டும் என்ற விதி நகராட்சியின் சுமையைக் குறைக்கிறது. அதை நீக்கச் சொல்லி மறுபக்கத்திலிருந்து வலுவான கடிதங்கள் போகும். நகராட்சிகள் பேசாமல் இருந்தால் கோப்பில் எதிர்ப்பு மட்டுமே இருக்கும். "இந்த விதி அப்படியே தொடர வேண்டும்" என்று ஒரு பத்தி, உங்கள் ஊரில் அதனால் மிச்சமாகும் டன் கணக்கோடு சேருங்கள்.

அமைப்பு: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான வடிவமே போதும். பார்வையில் அரசிதழ் அறிவிக்கை எண்ணும் நாளும் கட்டாயம். முதல் பக்கத்தில் எல்லாக் கருத்துக்கும் ஒரு வரிச் சுருக்கம் கொண்ட அட்டவணை, பின் மூன்று பக்க விளக்கம், பின் இணைப்புகள். அந்த அட்டவணைக்குக் காரணம் உண்டு: இயக்ககத்தில் தொகுக்கும் உதவியாளர் அதை அப்படியே எடுத்துத் தன் அட்டவணையில் ஒட்டுவார். அட்டவணை இல்லாத கடிதத்தின் கருத்து "பிற நகராட்சிகளும் இதே கருத்தைத் தெரிவித்துள்ளன" என்ற வரிக்குள் மறைந்துவிடும்.

டெல்லிக்குப் போகும் பிரதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ்த் தீர்மானத்தை இணைத்தால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியான மொழிபெயர்ப்பு என்ற சான்றும் கூடவே வேண்டும்.

## 8. மன்றத்தில் வைப்பது

முழு வரைவையும் மன்றப் பொருளாக வைக்காதீர்கள். யாரும் படிக்க நேரம் இருக்காது. ஒரு பக்கக் குறிப்பும் மன்றம் முடிவெடுக்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளும் போதும். கூட்டத்துக்கு முன்பே தலைவரிடமும் சுகாதாரத்தில் அக்கறை உள்ள உறுப்பினர்களிடமும் பேசிவிடுங்கள். கூட்டத்தில் வரும் வார்டுப் புகார்களைத் தனியாகக் குறித்து வேறு கோப்புக்கு மாற்றுங்கள்.

## 9. அனுப்புவது

மண்டல இயக்குநர் வழியாக இயக்ககத்துக்கு அனுப்புங்கள். கூடவே, திருத்தக்கூடிய கோப்பாக மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முத்திரையோடு வருடிய படத்தை மட்டும் அனுப்பினால் தொகுப்பவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அவசரத்தில் அவர் முதலில் விடுவது அந்தத் தாளைத்தான்.

அமைச்சகத்துக்கு நேராக ஒரு முன்பிரதி அனுப்பலாமா என்று இயக்ககத்தில் கேட்டு எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். கிடைத்தால் அரசிதழில் உள்ள முகவரிக்கே அனுப்புங்கள். மின்னஞ்சல் பொருள் வரியில் அறிவிக்கை எண் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே பெட்டிக்குப் பல வரைவுகளின் கருத்துகள் வரும். அனுப்பிய நாளும் ஒப்புகையும் கோப்பில் சேரட்டும்.

அக்கம்பக்கத்து நகராட்சிகளோடு பேசி, ஒரே விதிக்கு ஒரே மாற்று வாசகத்தை எல்லோரும் கேளுங்கள். எண்கள் மட்டும் அவரவர் ஊருடையதாக இருக்கட்டும். ஊர்ப் பெயரை மாற்றி ஒரே கடிதத்தை எல்லோரும் அனுப்பினால் அது ஒரு கருத்தாகவே எண்ணப்படும். பத்து ஊர், பத்து எடை மேடைக் கணக்கு, ஒரே வாசகம் என்று போனால் அதைத் தள்ளுவது கடினம்.

## 10. நிலைக்குழுவுக்கும் நிதிக்குழுவுக்கும் என்ன மாறும்

நிலைக்குழு செய்தித்தாளிலும் நாடாளுமன்றத் தளத்திலும் அறிவித்துக் கருத்துக் கேட்கும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். ஆங்கிலத்தில் அல்லது இந்தியில், இரண்டு பிரதி. நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் இருந்தால் அதிலேயே குறிப்பிட வேண்டும். அலுவலர் என்றால் மாநில அரசின் அனுமதி தேவை. அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும். அதை ஊடகத்துக்குக் கொடுப்பது நாடாளுமன்ற உரிமை மீறல் ஆகும்.

நிதிக்குழுவுக்கு ஓர் ஊரின் கதையைவிட ஒரு வகை ஊர்களின் கணக்கு தேவை. 15ஆம் நிதிக்குழு 2021-26க்கு உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கான அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. மானியம் பெறவே தணிக்கைக் கணக்கை இணையத்தில் ஏற்றுவது, சொத்து வரி உயர்வு என்று நிபந்தனைகள் இருந்தன. ஆகவே அங்கே பேச வேண்டியது "எந்த நிபந்தனையால் எத்தனை தவணை தவறியது, ஏன்" என்பதுதான். தவணை வந்த தேதிகளை இப்போதே ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். குழு வந்தபின் தேடினால் கிடைக்காது. குழு மாநிலத்துக்கு வரும்போது உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் சந்திக்கும். பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒரு பக்கம், மூன்று எண், ஒரு கோரிக்கை.

## 11. விதி இறுதியான பிறகு

இறுதி அறிவிக்கை வந்ததும் நீங்கள் போட்ட ஆறு நெடுவரிசைத் தாளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஏற்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை, வரைவில் இல்லாமல் புதிதாக வந்தவை என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். புதிதாக வந்தவற்றைப் பற்றி உடனே இயக்ககத்துக்கு எழுதுங்கள். விளக்கக் கடிதங்களும் செயல்முறை வழிகாட்டுதல்களும் முதல் சில மாதங்களில்தான் உருவாகும்.

மறுக்கப்பட்ட கருத்துகளில் பாதியை மாநில அளவிலேயே தீர்க்க வழி இருக்கும். துணை விதி, மாநிலச் செயல் திட்டம், ஒப்பந்தத்தின் அடுத்த புதுப்பிப்பு ஆகிய மூன்றிலும் எது பொருந்தும் என்று பாருங்கள்.

நேர அளவைத் தாள்கள், எடை மேடைச் சுருக்கம், செலவுக் கணக்கு ஆகியவற்றைத் தனிக் கோப்பாக வைத்து, பொறுப்பு மாற்றும்போது கையெழுத்து வாங்கி அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.